சும்மா இருந்த பாட்டில்

இரண்டு மணிக்கு ஷேக்கரை ஓடவிட்டேன். நான்கு மணிக்குத் தானாக நிற்கும். அதுவரை இந்த லேபில் எனக்கு ஒரு வேலையும் கிடையாது, ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு பாட்டில்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர. இடது பாட்டிலில் கிணற்றுத் தண்ணீர். வலது பாட்டிலிலும் அதே கிணற்றுத் தண்ணீர்தான், ஆனால் நான் செய்த ஃபில்டர் வழியாக இறங்கி வந்தது. இரண்டிலும் சற்றுமுன் இரண்டிரண்டு சொட்டு நைட்ரிக் ஆசிட் விட்டேன். ஒன்பது நாளுக்கு முன்பே விட்டிருக்க வேண்டிய சொட்டுகள். தட்டு இடமும் வலமுமாகப் போய்வருகிறது, தண்ணீர் அதற்கு அரை நொடி பின்தங்கிப் போய்வருகிறது, சாப்பிட்ட மயக்கத்தில் என் கண்ணும் அதோடு போய்வருகிறது. க்ரக், க்ரக் என்று ஒரு சத்தம். கொக்கி சரியாக மாட்டாத தொட்டில் இப்படித்தான் சத்தம் போடும். சே, எங்கே சுற்றினாலும் குழந்தையிடம்தான் வந்து நிற்கிறது. தாகமாக இருக்கிறது. பையில் ஒரு லிட்டர் ஸ்டீல் பாட்டில் இருக்கிறது, காலையில் பூங்கோதை நிரப்பிக் கொடுத்தது, பாதிக்கு மேல் குடித்தாயிற்று. மீதியைக் குடிக்கலாமா என்று யோசிக்கிறேன். நாற்பது நாளாக யோசிக்காமல் குடித்த தண்ணீர். வலது பாட்டிலில் ஆடுகிறதே, அதுவும் இதுவும் ஒன்றுதான். நான்கு மணிக்குமேல் குடித்துக்கொள்ளலாம் என்று பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.

பூங்கோதை நான் குடியிருக்கும் வீட்டின் மருமகள். கீழே அவர்கள் மூன்று பேர், மாடியில் நான். அவளுக்கு ஏழாம் மாதம், வெள்ளிக்கிழமை வளைகாப்பு. நடக்கும்போது இப்போதெல்லாம் ஒரு கையை இடுப்பில் கொடுத்துக்கொண்டு, பாதத்தைப் பார்த்துப் பார்த்து வைக்கிறாள். நான் திருநெல்வேலிக்காரி, கோயம்புத்தூரைத் தாண்டி இந்தக் கல்லூரிக்கு ஆராய்ச்சி பண்ண வந்தவள். இரண்டு மாதத்துக்கு முன் ஹாஸ்டலை விட்டு வீடு கேட்டுப் போன அன்று அவளுடைய மாமியார் ருக்குமணி அம்மா என் பெயரைக் கேட்டார். இசக்கியம்மாள் என்றேன். "அதென்னங்க கண்ணு, இந்தக் காலத்துல இப்படியொரு பேரு?" என்றார். "எங்க ஊர்ச் சாமிம்மா, கோவக்காரச் சாமி" என்றேன். அதற்குப் பிறகு வாடகையைப் பற்றி அதிகம் பேசவில்லை. அவர்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு கிணறு, கிணற்றுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. பழைய பேட்டரிகளை உடைத்து ஈயத்தை உருக்கி எடுத்த கொட்டகை, மூடி எட்டு வருஷம் ஆகிறது, ஈயம் மட்டும் மண்ணை விட்டுப் போகவில்லை. கிணற்றுத் தண்ணீரில் துணி துவைப்பார்கள், பாத்திரம் கழுவுவார்கள், குடிப்பதற்குக் கேன் வாங்குவார்கள். எனக்குச் சும்மா இருக்க முடியுமா? வந்த மாதமே ஒரு பாட்டில் பிடித்து வந்து அளந்தேன். ஒரு லிட்டரில் ஈயம் பத்து மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது, அதில் இருந்தது அறுபத்து நான்கு. போய்ச் சொன்னேன். ருக்குமணி அம்மா வெங்காயம் உரிப்பதை நிறுத்தவே இல்லை. "எங்க மாமியா ஈயச் சொம்புலதான் ரசம் வெப்பாங்க கண்ணு. தொண்ணூறு வயசு வரைக்கும் இருந்தாங்க." அது வெள்ளீயம் அம்மா, இது காரீயம், இது ரத்தத்தில் கலக்கும், பிள்ளைகளுடைய மூளையைத் தொடும் என்று ஒரு வகுப்பே எடுத்தேன். கடைசியில் பூங்கோதைதான், "அக்கா இத்தன சொல்றாங்கள்ல அத்த" என்றாள். மறுவாரம் ஃபில்டரைக் கொண்டுபோய்ச் சமையலறைச் சுவரில் நானே ஆணி அடித்து மாட்டினேன். கேன் வாங்குவதை அன்றைக்கே நிறுத்தச் சொன்னதும் நான்தான்.

என்னுடைய பொடி கறுப்பு. இரும்பு ஆக்சைடு, அதன்மேல் புளியங்கொட்டையிலிருந்து எடுத்த பசையில் ஒரு பூச்சு. ஒரு துகள் என்ன அளவு என்று சொன்னால் யாருக்கும் மனதில் ஏறாது, ஒரு தலைமுடியின் குறுக்கே சில ஆயிரம் துகள்களை வரிசையாக நிறுத்தலாம். ஒரு கரண்டிப் பொடியின் பரப்பையெல்லாம் பிரித்து விரித்தால் ஒரு கல்யாண மண்டபத்தின் தரை வரும். அத்தனை தரை, அத்தனை இடம், தண்ணீரில் வருகிற ஈயம் ஒவ்வொன்றும் வந்து ஒவ்வோர் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். முதல்முறை அது சரியாக வந்த நாளில் ஒரு பீக்கரில் கலக்கி வெளியிலிருந்து காந்தத்தை வைத்தேன். கறுப்பெல்லாம் காந்தத்தின் பக்கம் மெல்ல நகர்ந்து போய் ஒட்டிக்கொண்டு, மற்ற இடமெல்லாம் தெளிந்தது. காந்தத்தை இந்தப் பக்கம் கொண்டுவந்தால் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் கொண்டுபோனால் அந்தப் பக்கம். மத்தியானச் சாப்பாட்டை மறந்து அரை நாள் அதையே செய்துகொண்டிருந்தேன். இப்போது கண்ணை மூடினாலும் அந்தக் கறுப்பு நகர்கிறது, மண்டபம் விரிகிறது, பளபளவென்று கழுவிவிட்ட தரை, யாரும் இன்னும் வரவில்லை, பந்திப்பாய் போட்டு வைத்திருக்கிறது, நான் வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்று வாங்க வாங்க என்கிறேன், ஈயங்கள் சின்னச் சின்னதாக, கனமாக, தலைகுனிந்து உள்ளே வருகின்றன. வந்தவை உள்ளே உட்காராமல் வாசல் சுவரோரமாகவே நின்றுவிடுகின்றன. உள்ளே போங்களேன் என்கிறேன். பரவாயில்லை, இங்கேயே இருக்கிறோம் என்கின்றன. தலை தொங்கி முழித்துக்கொண்டேன். மணி இரண்டே முக்கால். ஞானசிகாமணி சார், என்னுடைய கைடு, வராந்தாவில் யாரிடமோ போனில் சிரிக்கிறார். திங்கட்கிழமை கருத்தரங்கில் அவர் பேசப்போகிற ஸ்லைடுகளில் கடைசி ஸ்லைடு பூங்கோதையின் போட்டோ. நான்தான் எடுத்தேன். சமையலறையில் ஃபில்டருக்குப் பக்கத்தில் நின்று டம்ளரை உயர்த்தி அண்ணாந்து குடிக்கிறாள், மற்றொரு கை வயிற்றின்மேல். சார் பார்த்துவிட்டு, "இது போதும்மா, நம்பரே தேவையில்லை" என்றார். நம்பரும் அழகாகத்தான் இருந்தது. அறுபத்து நான்கு உள்ளே போய், மூன்று வெளியே வந்தது.

இன்று காலை பத்து மணிக்கு அந்த மூன்று செத்துப்போனது. செத்ததா இல்லையா என்று நான்கு மணிக்குத்தான் தெரியும், ஆனாலும் எனக்குள் செத்துவிட்டது. மேசை மூலையில் ஒரு பாட்டில் கிடந்தது. ஒன்பது நாளுக்கு முன் கிணற்றிலிருந்து நேராகப் பிடித்தது, ஃபில்டர் பக்கமே போகாதது, ஆசிட் விட மறந்துபோய்ச் சும்மா நின்றிருந்தது. கழுவிக் கவிழ்க்கத்தான் எடுத்தேன். மெஷினில் ஒரு சாம்பிளுக்கு இடம் காலியாக இருந்ததால் அதையும் கொடுத்தேன். மெஷின் பெஞ்சமின் அண்ணனுடைய பொறுப்பு, தண்ணீரைத் தூளாக்கிச் சுடரில் தெளித்து எந்த உலோகம் எவ்வளவு என்று சொல்லும். ஆர்கான் சிலிண்டர் வராமல் ஒன்பது நாள் நின்று நேற்றுத்தான் ஓடத் தொடங்கியது. அண்ணன் பேப்பரை நீட்டினார். ஏழு. அறுபத்து நான்கு இருக்க வேண்டிய தண்ணீரில் ஏழு. என் பொடி அதைத் தொடவே இல்லை. ஒரு வேலையும் செய்யாமல் மூலையில் நின்ற கண்ணாடி பாட்டில், நான் மூன்று வருஷம் உயிரைக் கொடுத்துச் செய்ததைச் சாதித்துவிட்டுப் பேசாமல் நிற்கிறது. முதல் வருஷப் பிள்ளைகளுக்கு நானே சொல்லிக்கொடுப்பேன்: தண்ணீர் பிடித்தவுடன் இரண்டு சொட்டு ஆசிட் விடு, இல்லையென்றால் ஈயம் பாட்டில் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும், தண்ணீரில் இல்லாத மாதிரியே காட்டும். கிணற்றுச் சாம்பிள்களுக்கெல்லாம் விட்டேன், இந்த ஒன்றைத் தவிர. ஃபில்டர் சாம்பிள்களுக்கு வேண்டுமென்றே விடவில்லை. மறதி என்றால்கூடப் பொறுத்துக்கொள்வேன், இது புத்திசாலித்தனம். பொடி கொஞ்சம் கசிந்து தண்ணீரோடு வந்திருந்தால் ஆசிட் அதைக் கரைத்துவிடும், அது பிடித்து வைத்த ஈயமும் வெளியே வந்து நம்பரைக் கெடுக்கும் என்று கணக்குப் போட்டேன். கசிந்த பொடியையும் பூங்கோதை சேர்த்துத்தானே குடிப்பாள், அது கணக்கில் வரவில்லை. ஃபில்டரை மாட்டுவதற்கு முன் செய்த சோதனையும் இதே முறைதான், ஆசிட் இல்லை, ஒரு வாரம் காத்திருந்த பாட்டில், அப்போதும் மூன்றுதான். மூன்று மூன்று என்று டைரியில் இரண்டு முறை அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

ஆசிட் பட்டால் சுவரில் ஒட்டியதெல்லாம் இறங்கித் திரும்பத் தண்ணீருக்கு வந்துவிடும். அதற்குத்தான் இந்த இரண்டு மணி நேர ஆட்டம். இடது பாட்டில், மூலையில் சும்மா நின்ற அதே பாட்டில், அறுபதுக்கு ஏறும், அதில் சந்தேகமில்லை. வலதுதான் தெரியவில்லை, நேற்று மெஷின் அதற்கு மூன்று காட்டியது. வலது மூன்றிலேயே நின்றால் என் பொடி உத்தமி, நான் காலையிலிருந்து வீணாகப் பயந்தவள், வெள்ளிக்கிழமை வளையல் போடும்போது முதல் ஆளாகப் போய் நிற்பேன். ஏறினால். ஏறினால் என்றால் என்ன, நாற்பது நாள், ஒரு நாளைக்கு மூன்று லிட்டர், கர்ப்பிணிக்குத் தாகம் அதிகம், நானே சொல்லியிருக்கிறேன், நிறையக் குடி பூங்கோதை, நிறையக் குடி என்று. இப்போதே போன் பண்ணிச் சொல்லிவிடலாம். சொன்னால் அவள் பயந்துவிடுவாள், பயந்தால் அதுவும் பிள்ளைக்கு ஆகாது, இன்னும் ஒரு மணி நேரம்தான், தெரிந்துகொண்டே சொல்லலாம். அந்த ஒரு மணி நேரத்தில் அவள் எத்தனை டம்ளர் குடிப்பாள்? இது வெயில் நேரம், தூங்கி எழுந்து ஒரு டம்ளர், காபிக்கு ஒரு டம்ளர். நாற்பது நாளில் இரண்டு டம்ளர் என்ன பெரிது. பெரிதில்லை என்று சொல்வதற்கு நீ யாரடி? தண்ணீர் போய்வருகிறது. க்ரக், க்ரக். நான் பாட்டிலுக்குள் இருக்கிறேன், கண்ணாடிச் சுவரைத் தடவிக்கொண்டே நடக்கிறேன், வழவழப்பாகத்தான் இருக்கும் என்று நினைத்தால் சொரசொரவென்று இருக்கிறது, சுவர் முழுக்க ஒட்டியிருக்கிறார்கள், ஒருவர்மேல் ஒருவர், சத்தமில்லாமல். மேலிருந்து ஒரு சொட்டு விழுகிறது, ஒவ்வொருவராகக் கைவிட்டு இறங்கித் தண்ணீரில் மிதக்கிறார்கள். வெதுவெதுப்பான தண்ணீர். தூரத்தில் ஏதோ அடிக்கிறது, டுப் டுப் என்று, சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருக்கிறார்கள், சின்னதாக, முட்டியை மடக்கிக்கொண்டு, கட்டைவிரலைச் சப்பிக்கொண்டு. வாயை மூடு கண்ணு, வாயைத் திறக்காதே என்று கத்துகிறேன், தண்ணீருக்குள் சத்தம் வரவில்லை. அது என் பக்கம் திரும்பி வாயைத் திறக்கிறது. ஸ்டூலின் விளிம்பில் தொடை மரத்துப்போயிருந்தது. மணி மூன்று இருபத்தைந்து. எனக்கு என்மேல் கோபம் கோபமாக வந்தது. பெயருக்கேற்ற சாமியாக இருந்திருந்தால் காலையிலேயே சொல்லியிருப்பேன், ஒரு போட்டோவுக்கும் ஒரு நம்பருக்கும் ஆசைப்பட்டு ஐந்தரை மணி நேரம் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். போனை எடுத்தேன்.

இரண்டு முறை மணி அடித்தபின் எடுத்தாள். தூக்கத்துக் குரல். "சொல்லுங்க்கா."

"பூங்கோதை, நான் சொல்லுததக் கேளு, பயப்படாத. அந்த ஃபில்டர் தண்ணிய இனிமே குடிக்காத. ஒரு சொட்டுகூட வேண்டாம். சமையலுக்கும் வேண்டாம். நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

அந்தப் பக்கம் கட்டில் கிரீச்சிட்டது, எழுந்து உட்கார்கிறாள்.

"என்ன தப்புங்க்கா?"

"அது ஈயத்த எடுக்கா இல்லியான்னே எனக்குத் தெரியல. அளந்தது தப்பு. நாளைக்கு நம்ம ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் பாத்திருவோம், நானே கூட்டிட்டுப் போறேன். நீ தெனமும் எவ்வளவு குடிச்சே, சொல்லு."

"அக்கா…" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"நாங்க யாருமே அதக் குடிக்கலீங்க்கா."

எனக்குப் புரியவில்லை. "என்ன?"

"மொத ரெண்டு நாள் நானும் அவரும் குடிச்சோம். அத்த வேண்டாம்னு சொல்லீட்டாங்க. வயித்துப் புள்ளய வெச்சுட்டு இந்தப் பரிச்சயெல்லாம் பண்ணோணுமான்னு. மூணாம் நாள்ல இருந்து மறுக்கா கேன் வாங்கறமுங்க்கா. நீங்க காலேஜுக்குப் போனதுக்கப்பறம் கொண்டாரச் சொல்லி, உள் ரூம்ல வெச்சுக்கறோம். நீங்க இத்தன ஆசையா மாட்டிக் குடுத்தீங்க, உங்க மனசு நோகக் கூடாதுன்னுதான்…"

"அப்ப அந்தப் போட்டோ?"

"டம்ளர்ல ஒண்ணுமில்லீங்க்கா."

மாடிப்படியில் ஒருநாள் நீல மூடி ஒன்று கிடந்தது. பக்கத்து வீட்டுக் கேனாக இருக்கும் என்று காலால் தள்ளிவிட்டு ஏறியிருக்கிறேன். "என் பாட்டில்ல தெனமும் ஊத்தித் தந்தியே, அது?"

"அது ஃபில்டர் தண்ணிதானுங்க்கா." அவளுக்கு அதில் ஒரு சந்தேகமும் இல்லை. "நீங்க நம்பிக் குடிக்கற தண்ணி. உங்களுக்குப் போயி கேன் தண்ணிய ஊத்தி ஏமாத்தறதுங்களா?"

சிரித்தேனா அழுதேனா என்று சொல்லத் தெரியவில்லை, இரண்டும் சேர்ந்துதான் வந்தது. அக்கா, அக்கா என்று அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நல்ல வேலை பண்ணினே, உங்க அத்தையைக் கும்பிட்டேன்னு சொல்லு, கேனை எடுத்து வெளியிலேயே வை என்று சொல்லி வைத்துவிட்டேன். நெஞ்சுக்குள் ஏதோ இறங்கிப்போய் உடம்பே லேசாக இருந்தது. பிள்ளை தப்பித்தது. என் பொடியால் தப்பிக்கவில்லை, என் வகுப்பால் தப்பிக்கவில்லை, வெங்காயம் உரித்துக்கொண்டே என்னை நம்பாமல் இருந்த ஒரு மனுஷியால் தப்பித்தது. ஒரு நிமிஷம்தான் அந்த நிம்மதி, பின்னாலேயே வலித்தது. நாற்பது நாள் ஒரு வீடே எனக்காகக் கேனை ஒளித்து வைத்திருக்கிறது. நான் படியேறும் சத்தம் கேட்டு உள் அறைக் கதவைச் சாத்தியிருப்பார்கள். ருக்குமணி அம்மா தினமும் என்னைப் பார்த்து, "தண்ணி நல்லா இருக்குதுங்க கண்ணு" என்பார், நானும் பூரித்துப்போவேன். கோபம் வரவேண்டும், வரவில்லை. நான் சுவரில் ஒட்டியிருந்ததை இல்லை என்று எழுதினேன், அவர்கள் உள் அறையில் இருந்ததை இல்லை என்று காட்டினார்கள், இதில் யார் யாரைக் குறை சொல்வது? அவர்களாவது என்மேல் பிரியத்தில் செய்தார்கள். நான் எதன்மேல் பிரியத்தில் செய்தேன் என்பது எனக்குத் தெரியும். க்ரக் சத்தம் நின்றது. தட்டு நின்ற பிறகும் தண்ணீர் இரண்டு முறை போய்வந்து அடங்கியது. நான்கு மணி.

பாட்டில்களைக் கழற்றினேன். பையிலிருந்து என் ஸ்டீல் பாட்டிலை எடுத்து, மிச்சமிருந்ததில் ஒரு பிளாஸ்டிக் குப்பி நிறையப் பிடித்து, இரண்டு சொட்டு ஆசிட் விட்டு மூடினேன். மூன்றையும் கொண்டுபோனபோது பெஞ்சமின் அண்ணன் லேபிளைத் திருப்பிப் பார்த்தார். "மூணாவதுல ஒண்ணுமே எழுதலயேம்மா. எந்தக் கிணறு?"

"வீட்டுல குடிக்கிற தண்ணிண்ணே."

"எத்தன பேரு குடிக்கிறாங்க?"

"ஒருத்திதான்" என்றேன். சொல்லும்போதே மனம் குளிர்ந்தது. லேபிளை வாங்கி இசக்கியம்மாள் என்று எழுதிக் கொடுத்தேன். அண்ணன் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் குழாயை முதல் பாட்டிலில் விட்டார். அறுபத்து இரண்டு. இரண்டாவது, இருபத்து ஒன்பது. பாதிக்குமேல் எடுத்திருக்கிறது பொடி. நான் சொன்னதைச் செய்யவில்லை, சும்மாவும் இருக்கவில்லை. மூன்றாவது, இசக்கியம்மாள், முப்பத்து ஒன்று. மூன்றையும் டைரியில் எழுதி, அடிக்கோடு போட்டிருந்த பழைய மூன்றுகளின் பக்கத்தில் ஆசிட் விடவில்லை என்றும் எழுதினேன். நாளைக்கு ஆஸ்பத்திரியில் என் ரத்தத்தைத்தான் கொடுக்க வேண்டும். அதற்கு முன் சாரிடம் போய் அந்தப் போட்டோவை எடுக்கச் சொல்ல வேண்டும். நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. தண்ணீரைச் சுத்தம் பண்ணுகிற எங்கள் லேபின் வாசலிலும் ஒரு நீலக் கேன்தான் கவிழ்ந்திருக்கிறது. டம்ளரைப் பிடித்து, நிரப்பி, அண்ணாந்து இரண்டு டம்ளர் குடித்துவிட்டு சாருடைய அறைக் கதவைத் தட்டினேன்.